ஐந்து நிமிடப் பாடம்



போன பொங்கலுக்கு என் தம்பி மகன் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினான். எப்போதும் ரயிலில் வருகிறவன். இந்த முறை வாசலில் நின்றது பி.எம்.டபிள்யூ. எம்340ஐ. இரண்டாம் கையாக வாங்கியதுதான். ஆனாலும் எங்கள் தெருவுக்குள் அது திரும்பியபோது நாலு வீட்டுப் பிள்ளைகளும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள்.

"மூணு லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ பெட்ரோல் பெரியப்பா. நூறு கிலோமீட்டர் வேகத்தை அஞ்சு செகண்டுக்குள்ள தொட்டுரும்" என்றான். வண்டியின் பெயர் ஜெர்மன் பெயர் என்றாலும், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆலையில் பூட்டியதுதான். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கூடிப்போனது.

நான் முப்பத்திரண்டு வருடம் ஐ.டி.ஐ. ஒன்றில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தியவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பானெட்டைத் திறக்கச் சொன்னேன். மேலே ஒரே கறுப்பு மூடி. கை வைக்க இடமில்லை. கார்புரேட்டர் எங்கே, டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே என்று தேடிய என் கண், கடைசியில் ஆயில் ஊற்றும் மூடியைக் கண்டதும்தான் அமைதியானது.

மறுநாள் பொங்கல். அதிகாலை ஐந்தரை மணி. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் பால் வாங்கப் போகிறேன் என்று வண்டியில் ஏறி, பட்டனை அமுக்கினான். அடுத்து இன்னொரு பட்டன். 'ஸ்போர்ட் பிளஸ்'. ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை மிதித்தான். எதிர்வீட்டு ஆச்சி கோலப்பொடிக் கிண்ணத்தோடு திண்ணையில் ஏறிவிட்டார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

"டேய் தம்பி, அஞ்சு நிமிஷம் ஐடிலில் நிக்க விடுடா. ஆயில் மேல ஏறட்டும்."

"அதெல்லாம் அந்தக் கால வண்டிக்குப் பெரியப்பா. இதுக்குத் தேவையில்லை."

சொல்லிவிட்டுத் தெருமுனை வரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனான். பாலுக்கு இவ்வளவு அவசரமா என்று ஆச்சி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரி, "காலையில நல்ல நாளும் அதுவுமா பாடம் நடத்தாதீங்க" என்றாள். அவளுக்கு என் ஐந்து நிமிடப் பாடம் நாற்பது வருடமாகத் தெரியும்.

அந்தப் பாடம் இதுதான். காலையில் முதல் ஸ்டார்ட் செய்ததும் வண்டியை நகர்த்தாதே. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிடு. பிறகு கியர் போடு. என் வகுப்பில் உட்கார்ந்த ஒவ்வொரு பையனுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

அது ஒன்றும் அர்த்தமில்லாத வழக்கம் அல்ல. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். இறங்காது. என்ஜின் ஆயில் அப்படி உறைந்துவிடாது என்றாலும், குளிரில் அதுவும் தடித்துத்தான் இருக்கும். இரவெல்லாம் வண்டி நின்றதில் மேலிருந்த ஆயில் எல்லாம் வடிந்து கீழே சம்ப்பில் கிடக்கும். அந்தக் காலத்து ஆயில் பம்பு அதை மேலே ஏற்ற நேரம் எடுக்கும். கார்புரேட்டர் வண்டி என்றால் சோக்கை இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். உடனே கியர் போட்டால் இருமி இருமி நின்றுவிடும். அம்பாசடர் டீசலில் ஹீட்டர் போட்டு, டேஷ்போர்டைப் பார்த்தபடி காத்திருந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பஸ், லாரி என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஏர் பிரேக். இரவில் காற்று இறங்கியிருந்தால், என்ஜின் ஓடி கம்ப்ரசர் வழியாக டேங்கில் காற்று ஏறி, மீட்டர் முள் மேலே வந்தால்தான் வண்டியை எடுக்க வேண்டும். டிப்போவில் விடியற்காலையில் இருபது பஸ் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்ததே, அதில் பாதி என்ஜினுக்காக, பாதி பிரேக்குக்காக. அதைப் பார்த்து வளர்ந்த நாம், மொபெட் வரைக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டோம். அது எதற்காக வந்தது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். வாத்தியார் நான்தானே.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், "சிவகாசி வரைக்கும் போய்ட்டு வருவோமா பெரியப்பா?" என்றான். அங்கே என் பழைய மாணவர் ஒருவர் திருத்தங்கல் பக்கம் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கிளம்பினோம். ஒரு நிபந்தனை போட்டேன். நான் சொல்கிறபடி ஐந்து நிமிடம் நிறுத்தவும் வேண்டாம், நீ ஓட்டுகிறபடி இழுக்கவும் வேண்டாம். 'கம்ஃபர்ட்' மோடில் மெதுவாகக் கிளம்பு. திரையில் ஆயில் சூடு காட்டும் பக்கத்தைத் திறந்து வை. நான் குறித்துக்கொள்கிறேன். வாத்தியார் புத்தி, சட்டைப் பையில் நோட்டும் பேனாவும் இருந்தது.

கிளம்பும்போது ஆயில் 26 டிகிரி. ஊருக்கு வெளியே வருவதற்குள், ஐந்து நிமிடத்தில், தண்ணீர்ச் சூடு சரியான இடத்துக்கு வந்துவிட்டது. நம்மில் பலர் அந்த முள்ளைப் பார்த்துத்தான் 'என்ஜின் சூடாகிவிட்டது' என்று முடிவு செய்கிறோம். அப்போது ஆயில் வெறும் 52. ஆமத்தூர் நெருங்கும்போது 78. திருத்தங்கலுக்கு முன்னால்தான் 95-ஐத் தொட்டு நின்றது. தண்ணீர் முந்திக்கொள்கிறது, ஆயில் பின்னால் நிதானமாக வருகிறது. தேய்மானத்தைத் தடுப்பதோ ஆயில்.

வழியில் அந்த மோடு பட்டன்களைப் பற்றிக் கேட்டேன். அவன் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து, நம் வயதுக்காரர்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன். பட்டனை மாற்றினால் உள்ளே இருக்கும் என்ஜின் மாறுவதில்லை. அடுப்பு ஒன்றுதான், திருகு வேறு. 'எகோ' மோடில் ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்தாலும் கொஞ்சமாகத்தான் திறக்கும். 'ஸ்போர்ட்' மோடில் லேசாகத் தொட்டாலே நிறையத் திறக்கும். கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போகாமல் கீழ் கியரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் என்ஜின் சுற்று எப்போதும் உயரத்தில் இருக்கும். ஸ்டீயரிங் இறுகும். சில வண்டிகளில் சஸ்பென்ஷனும் இறுகும், சைலன்சரில் ஒரு மூடி திறந்து சத்தம் கூடும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் காலையில் முதல் பட்டனாக ஸ்போர்ட் பிளஸ்ஸை அமுக்குவது என்ன? தடித்த ஆயிலோடு இருக்கிற என்ஜினை உயர்ந்த சுற்றில் பிடித்து வைப்பது. நம் ஊர் எண்ணெய் பரோட்டாக் கடையில் மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்த கையோடு பரோட்டாவை எண்ணெயில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? காய விடுவார். காய்ந்தபின் அவர் கை ஓடுகிற வேகத்துக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது.

"ரேஸ் கார்க்காரங்க எல்லாம் அப்படியா பார்க்கிறாங்க?" என்றான். அவன் அஜித் ரசிகன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாவதாக வந்த அன்று, எனக்கு ராத்திரி போன் செய்து எழுப்பியவன்.

ரேஸ்காரர்கள்தான் நம்மைவிட அதிகம் பார்க்கிறார்கள். ஃபார்முலா ஒன் என்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே மாட்டார்கள். உள்ளே பாகங்களுக்கு நடுவில் இடைவெளி அவ்வளவு குறைவு. வெளியே சூடாக்கிய தண்ணீரையும் ஆயிலையும் உள்ளே சுற்றவிட்ட பிறகுதான் உயிர் கொடுப்பார்கள். பந்தயத்துக்கு முன்னால் ஒரு சுற்று பாம்பு போல வளைந்து வளைந்து போகிறார்களே, அது டயரையும் பிரேக்கையும் சூடேற்ற. இவன் வைத்திருக்கும் அதே கம்பெனி, 2000 வாக்கில் வந்த எம்3 காரில், ஆர்.பி.எம். மீட்டரின் மேல் பகுதியில் சின்ன விளக்குகள் வைத்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது எரியும். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். அணைகிற அளவுக்குத்தான் மிதிக்கலாம். அப்படிச் செய்தவர்கள் வேகம் தெரியாதவர்களா?

நானும் 1970களின் பிற்பகுதியில் பயிற்சிக்குச் சென்னையில் இருந்தபோது சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போயிருக்கிறேன். பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும். இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது 1990-இல். சோழவரத்தில் பந்தயத்துக்கு முன்னால் மெக்கானிக்குகள் குனிந்து நின்று என்ஜினை உறுமவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தமும் பெட்ரோல் வாசமும் எனக்குப் பிடித்துப்போய், என் ஐந்து நிமிடப் பாடத்துக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது என்றும் ஒத்துக்கொள்கிறேன்.

பட்டறை வாசலிலேயே மாணவர் காத்திருந்தார். தலை நரைத்துவிட்டது. "வாங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காரைச் சுற்றி வந்தார். அதன் பிறகு தம்பி மகன் எங்கள் பொங்கல் காலைச் சண்டையைச் சொல்லி, "நீங்க சொல்லுங்க அண்ணே, யாரு சொன்னது சரி?" என்றான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு பேரும் தப்பு" என்றார்.

அவர் தயங்கிய காரணம் எனக்குத் தெரியும். தம்பி மகனுக்குத் தெரியாது. இதுவரை இங்கே எழுதாத விஷயம் அது.

1996 நவம்பர். தீபாவளிக்குச் சில நாட்கள். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். படிப்பை முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு பெட்ரோல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் சிவகாசி தூங்காது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ராத்திரி விடாமல் ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலை, நல்ல மழை. வேன் நின்றது ஒரு தகரக் கொட்டகையில். சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டு, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிடம் காத்திருக்க.

அசதியில் கண் அயர்ந்துவிட்டது.

சோக் இழுத்த வண்டி பெட்ரோலை முழுதாக எரிக்காது. கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். நிறமில்லை, வாசமில்லை. நம் ரத்தம் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக அதைப் பிடித்துக்கொள்ளும். இருமல்கூட வராமல் ஆள் மயங்கிவிடுவார். கொட்டகைக்குள் என்ஜின் சத்தம் நிற்காமல் கேட்கிறதே என்று வாட்ச்மேன் வந்து ஷட்டரைத் தூக்கியிருக்கிறார். அந்தப் பெரியவர் அன்று டீ குடிக்கப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தகவல் கேட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார், அஞ்சு நிமிஷம் விட்டேன்."

பக்கத்தில் அவருடைய அம்மா நின்றிருந்தார். "சார்வாள் சொல்லிக்குடுத்த தொழில்தான் இவன் கஞ்சி குடிக்கிறதே" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் என்ன சொல்வது? ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருடத்திலிருந்து என் பாடத்தில் ஒரு வரி சேர்ந்தது. 'கதவைத் திறந்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம்.' கதவைச் சேர்த்தேனே தவிர, அந்த ஐந்து நிமிடம் உண்மையில் வேண்டுமா என்று யோசிக்கவில்லை. யோசிக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. யோசித்தால் அந்தப் பையன் எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தான் என்ற கேள்வி வரும்.

இப்போது அவரே பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

"சார், நிக்க வச்சா தண்ணிதான் சூடாகும். ஓட்டினாத்தான் ஆயில், கியர்பாக்ஸ், பேரிங், டயர் எல்லாம் சேர்ந்து சூடாகும். நான் இத இங்க உள்ள பட்டாசு லாரியப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

பட்டாசு ஆலை வாசலில் தீப்பெட்டியும் செல்போனும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். லோடு ஏற்றும்போது வண்டியின் என்ஜின் நின்றிருக்க வேண்டும். சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் இருக்க வேண்டும். மருந்து இருக்கும் இடத்தில் உறுமிக்கொண்டு நிற்க எவனுக்கும் அனுமதி இல்லை. லோடு ஏற்றி முடிய மணிக்கணக்காகும். அதற்குள் என்ஜின் ஆறிப்போகும்.

"ஆறின என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, காத்து முள்ளை ஒரு பார்வை பாத்துட்டு, உடனே மெதுவா நகர்த்திருவாங்க. கேட் வரைக்கும் ஒண்ணு, ரெண்டு கியர்தான். மெயின் ரோடு வந்தபிறகும் லோடு அப்படி, டிரைவர் மிதிக்க மாட்டார். முப்பது வருஷமா பாக்கிறேன் சார். அஞ்சு நிமிஷம் நிக்காததால ஒரு என்ஜினும் என் பட்டறைக்கு வரல. ஆறின என்ஜினை மிதிச்சது நிறைய வந்திருக்கு."

இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பாடத்துக்கு, சிவகாசி லாரிகள் தினமும் விடை எழுதிக் காட்டியிருக்கின்றன. நான் பார்க்கவில்லை.

பிறகு தம்பி மகனிடம் திரும்பினார். "தம்பி, உங்க வண்டில டர்போ இருக்கு. மிதிச்சா நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும். அதத் தாங்கி நிக்கிறது மெல்லிசா ஒரு ஆயில் படலம்தான். காலையில இழுக்காதீங்க. வேகமா ஓட்டிட்டு வந்த உடனேயும் படக்குனு ஆஃப் பண்ணாதீங்க. வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே நிதானமாயிருங்க." அவன் தலையாட்டினான். பெரியப்பா சொன்னால் ஆடாத தலை.

ஆகவே, என்னிடம் படித்தவர்களும், படிக்காமல் என் பேச்சைக் கேட்டவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடப் பாடத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதில் இதைச் சொல்கிறேன்.

இன்றைய கார்களில் ஸ்டார்ட் செய்து, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்கிற அரை நிமிடமே போதும். நாம் அன்று ஊற்றியது 20டபிள்யூ-40. இன்று 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20. டபிள்யூ என்றால் குளிர்காலம். முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். சில விநாடிகளில் மேலே போய்விடும். விருதுநகரில் அதற்கு மேல் என்ன குளிர்?

பிறகு பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். ஸ்போர்ட் மோடு இருந்தால் அதுவரை அந்தப் பட்டனைத் தொட வேண்டாம். தண்ணீர் முள்ளை நம்பி ஏமாற வேண்டாம், அது முந்திரிக்கொட்டை.

நிறுத்தி வைத்து ஓடவிட்டால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். பெட்ரோல் வண்டி குளிர்ந்திருக்கும்போது கூடுதல் பெட்ரோல் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம். அதன் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. ஐடிலில் ஓடவிட ஓடவிட அது அடைக்கும். கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவர்கள், அவ்வப்போது சாத்தூர் வரையாவது நான்குவழிச் சாலையில் போய்வந்தால் அது சூடாகி, கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

பழைய கார்புரேட்டர் வண்டியோ, ஏர் பிரேக் லாரியோ வைத்திருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். வெட்ட வெளியில் காத்திருங்கள். எந்த வண்டியானாலும் மூடின ஷெட்டுக்குள் ஒரு நிமிடம்கூட என்ஜின் ஓடக்கூடாது.

கிளம்பும்போது மாணவர் கார் வரை வந்தார். முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணும் சொல்லாமப் போயிட்டேன்யா. தப்பு என் பாடத்துலதான்."

அவர் சிரித்தார். "விடுங்க சார். ஷட்டர இறக்குனது நான்தானே. நீங்க அதையா சொல்லிக்குடுத்தீங்க?" பிறகு ஒரு டப்பா காரச்சேவை என் கையில் திணித்தார்.

தம்பி மகன் ஸ்டார்ட் செய்தான். பேசி முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. திரையைப் பார்த்தேன். ஆயில் ஆறியிருந்தது. அவன் விரல் பட்டன் பக்கம் போய், என்னைப் பார்த்து, திரும்பி வந்தது. முதல் கியர், இரண்டாம் கியர் என்று திருத்தங்கல் தெருவில் லோடு ஏற்றிய பட்டாசு லாரி மாதிரி மெதுவாக நகர்ந்தோம். ஆமத்தூர் தாண்டியதும், "இப்ப மிதிக்கலாமா பெரியப்பா?" என்றான்.

95 காட்டியது. "மிதிடா" என்றேன்.

வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அவனாகவே வேகத்தைக் குறைத்தான்.